சுருதிக்கே கைதட்டல்

கொல்கத்தா நியூ டவுனை அடுத்துள்ளது சால்ட் லேக். 1971இல், கிழக்கு வங்கப் போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு அங்கே பெரியதொரு முகாம் இருந்தது. அந்த அகதிகளுக்காக ராக் இசைக் கலைஞரான நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார் சிதார் மேதை ரவிசங்கர்.

ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அதற்கான நிதிக் கச்சேரி. ராக் பாட்டுக்குக் காத்திருந்த கூட்டத்திடம், புகைக்காமல் பொறுமையாகக் கேளுங்கள் என்றார் ரவிசங்கர். அலி அக்பர் கானின் சரோதும் அல்லா ரக்காவின் தபலாவும் துணை. சுருதி சேர்த்து முடித்ததுமே பலத்த கைதட்டல். அதையே கச்சேரி என்று நினைத்துவிட்டார்கள், பாவம்! பிறகுதான் 'பாங்ளா துன்' என்ற இசை தொடங்கியது. அன்றைய இரண்டு காட்சிகளின் வசூல், சுமார் 2,43,000 டாலர், யுனிசெஃபுக்குப் போனது.

போருக்கு மென்மையான இசையால் பதில் சொல்பவர் உக்ரைனிலும் உண்டு: இசையமைப்பாளர் வாலன்டின் சில்வெஸ்ட்ரோவ். 2022 மார்ச்சில் போரால் கீவை விட்டு பெர்லின் போனபோது அவருக்கு வயது 84.