லைப்போசோம் மருந்துகள்: நோயாளிகள் அறிந்துகொள்ள வேண்டியவை

புற்றுநோய்க்கு அளிக்கப்படும் பல மருந்துகள், நோயுற்ற செல்களுடன் நலமான செல்களையும் தாக்குகின்றன. இப்பாதிப்பைக் குறைப்பதற்காகச் சில மருந்துகள் மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைக்கப்பட்டுச் செலுத்தப்படுகின்றன. இக்குமிழிகளே லைப்போசோம்கள்.

லைப்போசோம் எவ்வாறு செயல்படுகிறது?

பாஸ்போலிப்பிடு எனும் கொழுப்புப் பொருள் நீரில் கலக்கும்போது இரட்டை அடுக்குச் சுவருடைய குமிழிகளாகத் தாமாகவே உருவாவதை, 1960-களில் இங்கிலாந்து அறிவியலாளர் அலெக் பேங்காம் கண்டறிந்தார். நமது செல்களின் உறையும் இவ்வகைக் கொழுப்பினால் ஆனதே.

டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. இதன் லைப்போசோம் வடிவத்தில் குமிழியின் விட்டம் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நலமான இரத்தக் குழாய்களின் சுவரை இக்குமிழிகள் எளிதில் கடப்பதில்லை. புற்றுக்கட்டியில் புதிதாக உருவாகும் குழாய்களில் இடைவெளிகள் பெரிதாக இருப்பதால், அங்கு அவை கசிந்து தங்குகின்றன. ஆகவே இதயத்திற்கு ஏற்படும் பாதிப்பு குறைகிறது. எனினும், எல்லாக் கட்டிகளிலும் இது ஒரே அளவில் நிகழ்வதில்லை.

எந்நோய்களுக்குப் பயன்படுகிறது?

லைப்போசோம் டாக்சோரூபிசின் 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சினைப்பைப் புற்றுநோய் உள்ளிட்டவற்றுக்கு அளிக்கப்படும் இம்மருந்து இந்தியாவிலும் தயாரிக்கப்படுகிறது. 2012-இல் அமெரிக்காவில் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இந்தியத் தயாரிப்பே அங்கு தற்காலிகமாக இறக்குமதி செய்யப்பட்டது. 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய்க்கு அளிக்கப்பட்ட லைப்போசோம் ஆம்போடெரிசின்-பி மருந்தும் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் சாதாரண வடிவத்தை விட இது சிறுநீரகத்தைக் குறைவாகவே பாதிக்கிறது.

கைகளையும் பாதங்களையும் கவனியுங்கள்

லைப்போசோம் டாக்சோரூபிசினால் உள்ளங்கைகளிலும் பாதங்களிலும் சிவத்தல், எரிச்சல், வலி, கொப்புளம், தோல் உரிதல் ஆகியவை ஏற்படலாம். உராய்வும் அழுத்தமும் வெப்பமும் இதனை அதிகப்படுத்தும். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்கள் நாடாவைக் கையாலும் மிதிகளைக் காலாலும் நாள் முழுவதும் இயக்குபவர்கள். ஆதலால், சிகிச்சை தொடங்குமுன் தங்கள் தொழிலை மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும்.

• முதல் அறிகுறி தோன்றியவுடன் மருத்துவரிடம் கூறவும். மருந்தின் அளவைக் குறைக்கவோ அடுத்த தவணையைத் தள்ளிவைக்கவோ அவர் முடிவு செய்வார். தாமாகச் சிகிச்சையை நிறுத்தலாகாது.
• மருந்து ஏறும்போது மூச்சுத் திணறல், மார்பு இறுக்கம், முதுகுவலி, முகம் சிவத்தல் ஏற்பட்டால் செவிலியரிடம் உடனே கூறவும்.
• மருந்து ஏற்றிய பின் சிறுநீர் செந்நிறமாகத் தோன்றலாம். இது மருந்தின் நிறமே.
• காய்ச்சல் கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவும்.
• சாதாரண வடிவமும் லைப்போசோம் வடிவமும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகா. வேறு மருத்துவமனைக்குச் செல்லும்போது மருந்துச் சீட்டையும் சிகிச்சைக் குறிப்பையும் உடன் கொண்டு செல்லவும்.

காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.