59–0ஐ விடப் பெரிய 0–0

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த அணி எது என்ற விவாதத்தில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. (நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறேன், காலுக்கு அதில் வேலை குறைவு.) 1944, 1945 பருவங்களில் அந்த அணி ஆடிய 18 ஆட்டங்களிலும் வென்றது. 1944இல் மட்டும் எடுத்த புள்ளிகள் 504, கொடுத்தவை 35. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை அந்த ஆண்டு 59–0, அடுத்த ஆண்டு 48–0 எனத் துவைத்தெடுத்தது. பெருமை பேசுவோர் இந்த எண்களில்தான் தொடங்குகிறார்கள். அணியின் தரத்தை அளக்க இவை போதா என்பதே என் கருத்து. 1946இல் இதே இரு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்காமல் முடிந்த ஆட்டம் சொல்வது அதிகம்.

போர்க்காலத்தில் களம் சமமாக இல்லை. 1940இல் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்ற வெஸ்ட் பாயிண்ட், 1941இல் எர்ல் பிளெய்க்கைப் பயிற்சியாளராக அழைத்து வந்தது. அவர் திறமைசாலி, ஆனால் காலமும் அவர் பக்கம் நின்றது. மற்றக் கல்லூரிகளின் இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் போய்க்கொண்டிருக்க, வெஸ்ட் பாயிண்டில் சேர்ந்தவர் படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்தார். வேறு கல்லூரிகளில் ஆடியவர்களும் அங்கு வந்து சேர்ந்தார்கள். அணியின் நட்சத்திர வீரர் டாக் பிளாஞ்சார்ட் அப்படி வந்தவர்தான். இன்னொரு வேடிக்கை: பொதுக் கல்லூரிகளில் பயின்ற தன் பயிற்சி வீரர்கள் கல்லூரிப் போட்டிகளில் ஆடக் கூடாது என்று ராணுவம் தடுத்திருந்தது. 1943இல் வெஸ்ட் பாயிண்டை 26–0 என வீழ்த்திய நோட்டர் டேம், 1944இல் தன் பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹியையே கடற்படைக்குக் கொடுத்துவிட்டிருந்தது. 59–0இல் இந்த இழப்புக்கும் பங்குண்டு.

அனாபோலிஸ் கடற்படைக் கல்லூரிக்கும் இதே சலுகை இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரு ஆண்டுகளும் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தபடியே களமிறங்கிய கடற்படையை, வெஸ்ட் பாயிண்ட் 23–7, 32–13 என வென்றது. ஆகவே அணி போலியானதல்ல. ஆனால் சமமான எதிரிக்கு முன் வித்தியாசம் எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்.

1946இல் போருக்குப் போனவர்கள் திரும்பினார்கள். நோட்டர் டேமுக்கு லேஹி வந்தார், ஆட்டக்காரர் ஜானி லூஜாக் வந்தார். நவம்பர் 9 அன்று இரு அணிகளும் மோதிய ஆட்டத்தைக் காண யாங்கீ ஸ்டேடியத்தில் 74,000க்கும் மேற்பட்டோர் கூடினர். ஆண்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1945க்குப் பெற்றிருந்த பிளாஞ்சார்டும், 1946க்கானதைப் பெறவிருந்த கிளென் டேவிஸும் வெஸ்ட் பாயிண்ட் பக்கம். பின்னாளில் அதே விருதை வெல்லப்போகும் லூஜாக்கும் லியோன் ஹார்ட்டும் மறுபக்கம். தடுக்க ஆளில்லாத வெளியில் பாய்ந்த பிளாஞ்சார்டை லூஜாக் தனியாளாக வீழ்த்தினார். முடிவு 0–0.

அந்த ஆண்டு கடற்படையிடம் தட்டுத்தடுமாறி 21–18 என்றுதானே தப்பினார்கள், பத்திரிகையாளர் வாக்கெடுப்பும் நோட்டர் டேமுக்குத்தானே முதலிடம் கொடுத்தது என்பார்கள். உண்மை. பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே பிளாஞ்சார்டின் முழங்காலில் அடிபட்டிருந்தது என்பதும் உண்மை. அந்தக் காலோடும், முழுபலத்தோடு திரும்பிய எதிரிகளோடும், ஒன்பது வெற்றி, ஒரு சமன், தோல்வி ஏதுமில்லை என்று அந்த அணி பருவத்தை முடித்தது. வெஸ்ட் பாயிண்டைத் தோற்கடிக்க, பிளாஞ்சார்டும் டேவிஸும் பட்டம் பெற்றுப் போனபின், 1947 அக்டோபரில் கொலம்பியா பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது. அதுவும் 21–20 என்ற ஒற்றைப் புள்ளியில்.