எலெக்டிவ் சர்ஜரின்னா 'வேணும்னா பண்ணிக்கலாம்'னு அர்த்தமா?

'எலெக்டிவ்'னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? சீனியரைக் கேட்டு, ஈஸியா மார்க் வர்ற பேப்பரைப் பார்த்து எடுக்குறதுதானே! ஆஸ்பத்திரியில அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. ஆக்சிடென்ட் கேஸ் மாதிரி இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும்னு இல்லை, தேதி குறிச்சுப் பண்ணலாம், அவ்வளவுதான். உடல் பருமனுக்குச் செய்யும் பேரியாட்ரிக் சர்ஜரி இந்த லிஸ்ட்டில்தான் வருது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தப்போ முதலில் தள்ளிப்போனதும் இந்த லிஸ்ட்தான்.

அந்த நேரத்தில் அது தப்பு இல்லை. பெட், வென்டிலேட்டர், நர்ஸ் எல்லாமே கொரோனா வார்டுக்குத் தேவைப்பட்டது. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையையே கொரோனா ஆஸ்பத்திரியா மாத்தினாங்க. இன்னொரு காரணமும் இருக்கு. ஆபரேஷன் சமயத்தில் கொரோனா இருந்த 1,128 பேரைப் பற்றி 2020 மே மாதம் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். அவங்கள்ல நிறைய பேருக்கு எமர்ஜென்சி ஆபரேஷன், வயசும் அதிகம். இருந்தாலும் பயப்பட வேண்டிய நம்பர்தான். முதல் அலையின் 12 வாரத்தில் உலகம் முழுக்க சுமார் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கும்னு ஒரு கணக்கு சொல்லுது.

சிக்கல் எங்கேன்னா, கொரோனா ரொம்ப மோசமா தாக்கினதே அதிக எடை உள்ளவங்களைத்தான். வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேல தள்ளும், நுரையீரல் முழுசா விரியாது. கூடவே சுகர், பிபி. குப்புறப் படுக்க வெச்சு ஆக்ஸிஜன் ஏத்தறதுகூட அவங்களுக்குக் கஷ்டம். அப்போ ஆபத்தைக் குறைக்கிற ஆபரேஷன், ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்கே தள்ளிப்போச்சு! அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் 2021 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், முன்னாடியே இந்த சர்ஜரி செய்துகொண்டு பிறகு கொரோனா வந்தவங்க ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வாய்ப்பு 49 சதவீதம் குறைவா இருந்தது. இதனால்தான் அந்த நாட்டு பேரியாட்ரிக் சர்ஜன்கள் சங்கம் 2020லேயே, 'இதை எலெக்டிவ்னு சொல்லாதீங்க, நேரம் முக்கியமான அவசியச் சிகிச்சைன்னு சொல்லுங்க'ன்னு கேட்டது.

ஆபரேஷன் முடிஞ்சவங்க கதை இன்னும் சிக்கல். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடுவாங்க, மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. முதல் வருஷம் அடிக்கடி பிளட் டெஸ்ட். வாந்தி நிக்காம போனா தயமின் குறைஞ்சு, சில வாரத்திலேயே மூளையைப் பாதிக்கும்.

2020 பிப்ரவரியில் சென்னையில் இந்த சர்ஜரி முடிச்சுட்டு நம்ம கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பின ஒருத்தரைக் கற்பனை பண்ணுங்க. அடுத்த மாசம் பஸ் நின்னுபோச்சு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேணும். அது ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இருந்தது. வெளி மாவட்ட பஸ் திரும்ப ஓடினது செப்டம்பர் 7ஆம் தேதி. மொத்தம் ஐந்து மாசத்துக்கும் மேல! அதுவும் செக்கப் அதிகம் தேவைப்படுற மாசங்கள்.

போன் கொஞ்சம் காப்பாத்துச்சு. 2020 மார்ச் 25ஆம் தேதி மத்திய அரசு டெலிமெடிசின் விதிமுறைகளை வெளியிட்டது. இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க முடிஞ்சது. எடை எவ்வளவு, என்ன சாப்பிடுறீங்க, மாத்திரை தவறாம போடுறீங்களா, இதெல்லாம் போன்லயே கேட்கலாம். ரத்தத்தில் பி12 எவ்வளவுன்னு போன் சொல்லாது. இன்னொண்ணு: ஆபரேஷன் ஆன முதல் சில வாரத்தில் தையலில் கசிவு வந்தா, காய்ச்சல், படபடப்பு, மூச்சு வாங்குறது, இதெல்லாம் வரும். அந்த நேரத்தில் இதைக் கேட்ட யாரும் முதல்ல என்ன நினைப்பாங்க? கொரோனான்னுதான். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆபரேஷன்கள் திரும்ப ஆரம்பிச்சப்போ முன்கூட்டியே கொரோனா டெஸ்ட் எடுக்குறது வழக்கமாச்சு. கொரோனா வந்து போனவங்க முடிஞ்சா 7 வாரமாவது காத்திருக்கணும்னு, 116 நாடுகளில் 1,40,000க்கும் மேற்பட்டவங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2021இல் சொன்னது.

உங்க வீட்டில் யாராவது, முக்கியமா 'பைபாஸ்' வகை சர்ஜரி செய்தவங்க இருந்தா ஒரு விஷயம். காய்ச்சல், உடம்புவலின்னு மெடிக்கல் ஷாப்பில் ஐபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, குடல் இணைப்பில் புண் வரும். பாரசிட்டமால் போதுமான்னு டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க.