கணினிக்கு நாமகரணம்

2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதி இரவு, கிட்லாப் என்னும் மென்பொருட் சேவை நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், வேண்டாத தரவுத் தொகுதியொன்றை அழிக்க முற்பட்டார். அழிக்கவேண்டியது இரண்டாம் இலக்கக் கணினியில். கட்டளை பிறந்ததோ முதலாம் இலக்கக் கணினியில். ஓரிரு விநாடியிற் பிழையுணர்ந்து நிறுத்தினார். ஆயினும் ஏறக்குறைய 300 ஜிகாபைற்றில் எஞ்சியது நாலரை ஜிகாபைற் மாத்திரமே. ஆறு மணி நேரப் பதிவுகள் மீளாதொழிந்தன. அவ்விரு கணினிகளின் பெயர்களும் ஒரேயோர் இலக்கத்தால் மாத்திரம் வேறுபட்டிருந்தன என்பதை வாசகர் கவனிப்பாராக.

கட்டளைத் திரையிலே நாம் தட்டும் வரிக்கு இடப்புறத்தில், பெரும்பாலான லினக்ஸ் கணினிகள் தம் பெயரைக் காட்டி நிற்கும். தொலைவிலுள்ள பல கணினிகளை ஒரே மேசையிலிருந்து ஆள்பவர்க்கு, எதனுள் இருக்கிறோம் என்று உணர்த்துவது அச்சிறு சொல்லே.

பெயரை மாற்றுதல் கடினமன்று. லினக்சில் 'ஹோஸ்ட்நேம்' என்று மட்டும் தட்டினால் இருக்கும் பெயர் தெரியும். நிருவாகி உரிமையோடு அதன்பின் புதுப்பெயரைச் சேர்த்தால் மாற்றமும் நிகழும். ஆனால் கணினியை அணைத்து மீள இயக்கியதும் பழைய பெயரே திரும்பிவிடும். நிலைத்து நிற்கவேண்டுமாயின், இக்காலத்து லினக்ஸ் வகைகள் பலவற்றிலுள்ள 'ஹோஸ்ட்நேம்-சி-ரி-எல்' என்னுங் கட்டளையோடு 'செற்-ஹோஸ்ட்நேம்' என்பதையும் புதுப்பெயரையும் தருதல் வேண்டும். அதனோடு வேலை முடிந்துவிட்டதென்று பலர் எழுந்து விடுகின்றனர். 'ஹோஸ்ட்ஸ்' என்னுங் கோப்பிலே பழைய பெயர் எழுதிய வரியொன்று இருக்குமாயின் அதனையுந் திருத்தவேண்டும். அன்றேல், நிருவாகிக் கட்டளை இடுந்தோறும், இப்பெயரை அறியேன் என்று கணினி முறையிடக்கூடும். விண்டோசிற் பவர்ஷெல்லின் 'ரீநேம்-கொம்பியூட்டர்' இப்பணியைச் செய்யும். மீள இயக்கிய பின்னரே அது பலிக்கும்.

எப்பெயரை இடுவது? ஆங்கில எழுத்துக்கள், இலக்கங்கள், இடைக்கோடு என்பனவே தகும். இடைக்கோடு முதலிலோ ஈற்றிலோ வரலாகாது. அடிக்கோடு ஆகவே ஆகாது. நீளம் 63 எழுத்துக்களை மிஞ்சலாகாது. விண்டோசின் பழைய முறைக்கோ 15 எழுத்தே எல்லை. 1990இல் டொன் லைப்ஸ் என்பார் இப்பொருள் குறித்தே ஓர் ஆவணம் வரைந்தார். சொந்தப் பெயரை இடாதீர், ஒரு வகைப் பெயர்களை ஒழுங்காக இடுக என்பன அவர் கூறியவற்றுட் சில. பாடசாலை ஆய்வுகூடங்களில் 'லாப் 1', 'லாப் 2' என்று இலக்கமிடுவதை நாம் விரும்புவதில்லை. காரணம் மேலே கூறினாம். மரப்பெயர்கள் நல்லன. பனை, வேம்பு, புளி ஒன்றோடொன்று மயங்கா. தாழையை மாத்திரம் தவிர்க்க. அதன் ழகரத்தை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவர், கணினியோ ஓரெழுத்து மாறினாலும் இணங்காது.

பழைய பெயரால் அக்கணினியின் அச்சுப்பொறியையோ கோப்புக்களையோ நாடிவந்த ஏனைய கணினிகள் வழியறியாது நிற்கும். ஆகலின் அவற்றை ஆள்வோர்க்கு முன்னரே அறிவித்தல் முறை. இன்னுமொன்று: ஏற்கெனவே திறந்திருக்கும் கட்டளைத் திரை பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். அதனை மூடிப் புதிதாகத் திறந்து, பெயரை ஒருமுறை பார்த்த பின்னரே அழிக்குங் கட்டளை எதனையும் தட்டுக.