பம்பில்லா டிராக்டரும் அதன் நீரோட்டமும்

அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1947 முதல் 1979 வரை ‘பார்மால் கப்’ என்னும் சிறிய டிராக்டரை உற்பத்தி செய்தது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலிருந்த ஆலையில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் உருவாயின. அவற்றுள் பல இன்றும் அந்நாட்டில் புல் வெட்டுகின்றன, காய்கறித் தோட்டங்களை உழுகின்றன. ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இதன் எஞ்சினுக்கு ரேடியேட்டர் உண்டு, விசிறி உண்டு. நீரைச் செலுத்தும் பம்பு மட்டும் இல்லை. இதனைக் குறையெனக் கருதும் இன்றைய உரிமையாளர் பலர், விசிறி வாரினால் சுழலும் பம்பு ஒன்றை வாங்கிப் பொருத்த முற்படுகின்றனர். இது தக்கதா என ஆராயுமுன், பம்பில்லாமலே நீர் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் காண்போம்.

70 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திலுள்ள ஒரு லிட்டர் நீரின் நிறை சுமார் 978 கிராம். 95 டிகிரியில் அது 962 கிராமாகக் குறைகிறது. இந்தப் பதினாறு கிராம் வேறுபாடே இங்குப் பம்பின் வேலையைச் செய்கிறது. சிலிண்டர்களைச் சூழ்ந்த நீர் சூடேறி இலேசாகி மேற்குழாய் வழியே ரேடியேட்டருக்குள் எழுகிறது. அங்குக் குளிர்ந்து கனத்த நீர் கீழ்க்குழாய் வழியே எஞ்சினை அடைகிறது. வேலை மிகுந்தால் சூடு மிகும்; சூடு மிகுந்தால் ஓட்டமும் விரைவுறும். 1917-இல் வெளிவந்த போர்டுசன் டிராக்டரும், 1930-களில் வெளிவந்த ஜான் டீர் நிறுவனத்தின் ‘ஏ’, ‘பி’ வகைகளும் இம்முறையையே பின்பற்றின. நம் வீட்டுக் கூரைகளில் காணும் சூரிய வெந்நீர்க் கலங்கள் பலவற்றிலும் இதே தத்துவந்தான். எனினும் நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்று அறுந்து, எஞ்சினிலுள்ள நீர் நின்ற இடத்திலேயே கொதிக்கத் தொடங்கும்.

ஓட்டத்தின் விசை இத்துணைச் சிறிதாதலால், சிறு தடையும் பெருந் தீங்காகிறது. பல்லாண்டுகளில் துருச்சேறு சிலிண்டர்களின் அடிப்புறத்தில் படிகிறது; ரேடியேட்டர்க் குழல்களில் உப்புப் படலம் ஏறுகிறது; தகடுகளின் இடையே வைக்கோல் தூசு அடைகிறது. விசிறி வார் தளர்வதும், தீப்பொறி காலந் தாழ்த்து எழுவதும் சூட்டை மிகுவிக்கும். ‘டிராக்டர் கொதிக்கிறது’ என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் இவையே காரணம். பம்பு இல்லாமை அன்று. இவற்றை நீக்காமல் பம்பைப் பொருத்துவது நோயை மறைப்பதேயாகும். கழுவும்போது எஞ்சின் நன்கு ஆறியிருத்தல் வேண்டும். சூடான வார்ப்பிரும்பில் குளிர்நீர் பட்டால் அது வெடித்துவிடக்கூடும்.

பம்பினால் விளையும் இன்னல் பலரும் எண்ணாத ஒன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் அது நீரை ஓட்டிக்கொண்டேயிருக்கும். ஆகவே இலேசான வேலையில் எஞ்சின் தனக்குரிய சூட்டை எய்துவதேயில்லை. முற்றிலும் ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள மசகெண்ணெயைக் கழுவிக் கீழே இறங்கி, எண்ணெயை நீர்த்துப்போகச் செய்கிறது; எரிதலில் பிறந்த நீராவியும் உள்ளே குளிர்ந்து எண்ணெயோடு கலந்து குழம்பாகிறது. தேய்மானம் பெருகுகிறது. மண்ணெண்ணெய் போன்ற கனத்த எரிபொருளில் ஓடிய பழைய எஞ்சின்களுக்கு இது இன்னும் கேடு. குளிர் நாட்டு உழவர் ரேடியேட்டரின் முன் திரை தொங்கவிட்டது சூட்டைக் காக்கவே. அவர்கள் தெர்மோஸ்டாட்டின் வேலையைக் கையால் செய்தனர் எனலாம்.

ஆதலின் பம்பு பொருத்துவோர் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே பொருத்துதல் வேண்டும். அது மூடியிருக்கையில் நீர் எஞ்சினுக்குள்ளேயே சுழல ஒரு சிறு புறவழியும் தேவை. பம்பின்றித் தெர்மோஸ்டாட்டை மட்டும் வைப்பதோ பெருந்தவறு. அதன் குறுகிய வாயே இயற்கை ஓட்டத்தைத் தடுத்துவிடும். கோடையில் மணிக்கணக்காகக் கடும் வேலை செய்யும் எஞ்சினுக்கு இவ்விரண்டும் சேர்ந்த அமைப்பு பயன் தரும். வாரம் ஒருமுறை புல் வெட்டும் டிராக்டருக்கு அது வேண்டாத செலவு.

சிலர் பம்பை விடுத்து, அழுத்த மூடியை நாடுகின்றனர். சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகிராம் அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை சுமார் 111 டிகிரிக்கு உயரும் என்பது உண்மையே. ஆனால் அழுத்தமின்றி இயங்குமாறு அமைந்த பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று இணைப்புகள் அதனைத் தாங்கா. வடிகுழாயோ திறந்தே கிடப்பதால், அழுத்தம் நிற்பதும் அரிது. அத்தகைய ரேடியேட்டருக்குப் பழைய சாதாரண மூடியே ஏற்றது; வடிகுழாய் அடைபடாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பருவந்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.