உப்புத் தண்ணீர்: குழாய்க்கும் கேடு, ஏமாந்தால் பணத்துக்கும் கேடு

வாசலில் ஒரு விற்பனையாளர் நிற்கிறார். இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துவைக்கிறார். ஒன்றில் உங்கள் வீட்டு போர் தண்ணீர். மற்றொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் பொருத்திய சிறு கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போடுகிறார். சில நிமிடங்களில் உங்கள் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்குகிறது. அவருடையது தெளிவாகவே இருக்கிறது. “இதைத்தான் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறீர்களா?” என்ற கேள்வியில் பதறிப்போய் முன்பணம் கொடுத்தவர்கள் பலர்.

அந்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்தது அல்ல. கருவியின் இரும்புக் கம்பி மின்சாரத்தில் அரிக்கப்பட்டுக் கரைந்து வந்த துரு. தாது உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். உப்பு நீக்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும்.

உப்புத் தண்ணீரால் நமக்கு நஷ்டம் இருக்கிறது. ஆனால், அந்த நஷ்டம் நடப்பது வேறு இடத்தில்.

பாதிப்பு எங்கே?

கோவைவாசிகளுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். சிறுவாணித் தண்ணீரில் சோப்பு பொங்கி நுரைக்கும். அதே வீட்டு போர் தண்ணீரில் தேய்த்தாலும் நுரை வராது. சிறுவாணித் தண்ணீர் மலையில் பெய்த மழை; அது அதிக தாதுக்களைச் சேர்க்காமல் வந்து சேர்கிறது. நிலத்தடி நீரோ மண்ணிலும் பாறையிலும் ஊறி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இதையே கடினத்தன்மை என்கிறோம்.

இந்தத் தண்ணீர் சூடாகும்போது கால்சியம் பைகார்பனேட் பிரிந்து, சுண்ணாம்புக்கல்லின் மூலப்பொருளான கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அதனால் முதல் அடி கீசருக்குத்தான். சூடேற்றும் காயில் மேல் சுண்ணாம்பு போர்த்திக்கொள்ள, தண்ணீர் சூடாக அதிக நேரமும் அதிக மின்சாரமும் ஆகும். சூடு வெளியேற வழியில்லாமல் காயிலும் கருகிப்போகும். அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வில் படிவு அடைத்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. கீசரில் கடகட சத்தம் கேட்டாலோ, சூடாக வழக்கத்தைவிட நேரமானாலோ உடனே ஆளை வரவழைத்துப் பாருங்கள்.

அடுத்து ஷவர் துளைகள், குழாய் முனையின் வலை, ஃப்ளஷ் டேங்க் வால்வு, வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் வழி. பழைய வீடுகளின் ஜி.ஐ. பைப்புகளில் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து உள்வழியே குறுகிவிடும்.

முதலில் பரிசோதனை

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-ன்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மாற்று நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. விற்பனையாளர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்தத்தையே காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம்.

கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. பயமுறுத்தி விற்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஷவரையும் குழாய் வலையையும் கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துத் தேய்த்தால் படிவு கரையும். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். அது குரோம் பூச்சையே அரித்துவிடும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும். கீசரைக் கொதிநிலைக்கு அருகில் வைக்காமல் மிதமான சூட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை படிவை அகற்றி, டேங்க் துருப்பிடிக்காமல் காக்க உள்ளிருக்கும் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடு முழுவதற்கும் என்றால், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் சாஃப்ட்னர் உதவும். சோடியம் கூடுவதால் குடிக்கவும் சமைக்கவும் தனிக் குழாய் வைத்துக்கொள்வது நல்லது, முக்கியமாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில். பைப்பின்மேல் மாட்டும் காந்தக் கருவிகள் தண்ணீரிலிருந்து கால்சியத்தை அகற்றுவதில்லை. மழைநீரோ இயல்பிலேயே மென்மையானது. 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பைத் தூர்வாரிப் பராமரித்தால் நிலத்தடி நீரின் உப்பு நாளடைவில் நீர்த்துப்போக வாய்ப்புண்டு.

உங்கள் உரிமைகள்

கருவி வாங்கும்போது, சோதனையில் வந்த கடினத்தன்மை எண் எவ்வளவாகக் குறையும் என்பதை எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். கீசர், வாஷிங் மெஷின் உத்தரவாத அட்டையில் உப்புத் தண்ணீருக்கு விதிவிலக்கு உண்டா என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

சொன்னபடி இயங்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

வாடகை வீட்டில் அடிக்கடி எழும் சண்டை, செலவு யாருடையது என்பது. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, எழுத்தில் வேறு உடன்பாடு இல்லையென்றால், பைப் மாற்றுவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. குழாய், வாஷர், கீசர் பழுது வாடகைதாரரின் பொறுப்பு. உப்புத் தண்ணீர் ஊர்களில் கீசர் செலவு சிறிதல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

புதிய அடுக்ககத்தில் நீர் மென்மையாக்கும் அமைப்பு தருவதாகச் சொல்லிவிட்டு, அது இயங்காமல் கிடந்தால், ரியல் எஸ்டேட் சட்டம் உங்களுக்குத் துணை. பதிவுபெற்ற திட்டத்தில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் தரக் குறைபாடுகளை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது கட்டுநரின் கடமை. விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வாசலில் யார் எந்த டம்ளரைக் காட்டினாலும், உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று ஆய்வக அறிக்கையில் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.