உங்களுக்குத் தெரியுமா? மாறிவரும் கோல்ஃப் விதிகள்

● 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் மைதானத்தில் ஆடியவர்கள் எழுதிவைத்த கோல்ஃப் விதிகள் மொத்தமே 13. காலப்போக்கில் அவை 34 ஆகப் பெருகி, 2019இல் 24 ஆகச் சுருங்கின. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மட்டை எடுக்கும் எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

● நேருக்கு நேர் ஆடும் போட்டியில், எதிராளியின் பந்து உங்கள் பந்துக்கும் குழிக்கும் நடுவே மறித்துக் கிடந்தால் அதை எடுக்கச் சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது. ‘ஸ்டைமி’ என்று அதற்குப் பெயர். உங்கள் பந்தை அதற்கு மேலே எகிற வைக்க வேண்டும், அல்லது சுற்றி உருட்ட வேண்டும். 1952இல் ஸ்டைமி ஒழிந்தது. ஒழிந்ததே நல்லது.

● 1984க்கு முன்பு, பந்தை டிராப் செய்பவர் குழியைப் பார்த்து நின்று தோளுக்குப் பின்னால் போட வேண்டும். பிறகு கையை நீட்டித் தோள் உயரத்திலிருந்து. 2019 முதல் முழங்கால் உயரத்திலிருந்து. பழக்கம் விடுமா? அந்த ஆண்டு பிப்ரவரியில் மெக்சிகோவில் ரிக்கி ஃபவுலர் பழையபடி தோள் உயரத்திலிருந்து போட்டு, ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி வாங்கினார்.

● என் மனத்தை இன்னும் பிசைகிற கதை இது. 1985 அமெரிக்க ஓப்பன், ஓக்லண்ட் ஹில்ஸ் மைதானம், கடைசி நாள். தைவானின் டி.சி. சென் நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையில் 5ஆம் குழிக்கு வந்தார். அடர்ந்த புல்லிலிருந்து அவர் சிப் அடித்தபோது, மட்டை பந்தை ஒருமுறை தொட்டது. எழும்பிய பந்தில் மறுபடியும் பட்டது. இரண்டு அடியாகக் கணக்கு. அந்தக் குழிக்கு மட்டும் 8 ஆனது. ஆண்டி நார்த்திடம் பட்டத்தை அவர் இழந்தது ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில்! வேண்டுமென்று யாரும் இரண்டு தரம் தொடுவதில்லை. 2019 முதல் அது ஒரே அடிதான். 34 ஆண்டு தாமதமாக வந்த நியாயம்.

● கிரீனிலிருந்து புட் செய்யும்போது, குழியில் நிற்கும் கொடிக்கம்பத்தில் பந்து பட்டால் முன்பு இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி. 2019 முதல் இல்லை. தூரத்துப் புட்டுக்குக் கம்பத்தை நான் பிடுங்குவதே இல்லை. ஆட்டம் விறுவிறுவென நகர்கிறது.

● தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் இருந்தது. இப்போது 3. முதலில் எனக்குக் கோபம்தான். பின்னால் ஒரு குழு வெயிலில் காத்து நிற்பதைப் பார்த்த பிறகு கோபம் போய்விட்டது.

● பந்து தொலைந்தால் அடித்த இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும் என்பது பொது விதி. கிளப் விரும்பினால், இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டியோடு தொலைந்த இடத்துக்கு அருகிலேயே டிராப் செய்ய விடலாம். 2019இல் வந்த உள்ளூர் விதி இது. தொழில்முறைப் போட்டிகளுக்காக ஏற்பட்டதல்ல. எங்களைப் போன்றவர்களுக்கு இதையே எல்லா கிளப்புகளிலும் நிரந்தரமாக்க வேண்டும்.

● முன்பு ஸ்கோர் கார்டில் ஹேண்டிகேப் எழுத மறந்தால் ஹேண்டிகேப் போட்டியிலிருந்தே வெளியேற்றுவார்கள். 2023இல் அந்தப் பொறுப்பு போட்டிக் குழுவின் கைக்குப் போனது. நன்றி.

● கிரீனில் ஷூ ஆணி கீறிய தடத்தைச் சரிசெய்யவும் 2019இல் அனுமதி வந்தது. ஆனால் ஃபேர்வே நடுவில் நேராக, அழகாக அடித்த பந்து, முன்னால் போனவர் பெயர்த்த டிவட் பள்ளத்தில் போய் விழுந்தால்? இன்றும் கிடந்தபடியேதான் அடிக்க வேண்டும். எது டிவட், எது வெறும் பள்ளம் என்று யார் முடிவு செய்வது என்கிறார்கள். கூட ஆடும் மூவர் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடுமே. அடுத்த திருத்தத்தில் முதலில் மாற வேண்டியது இதுதான்.